சேற்றைத் தாண்டிய ஜீப் தார் ரோட்டில் கொதித்தது ஏன்?

“புஸ்ஸ்ஸ்...!”

ஜீப்பின் முன்பக்கத்திலிருந்து வெள்ளை வெளேர் என்று ஆவி கிளம்பியது. முன் கண்ணாடி மறைந்துவிட்டது. ரோடு தெரியவில்லை. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார்.

பின்னால் ஒரு பாட்டி படுத்திருந்தார். வயது எழுபதுக்கு மேல். புயலில் ஓட்டு வீடு சரிந்து, அவர் கணுக்காலில் பலத்த அடி. ஆஸ்பத்திரிக்கு இன்னும் 12 கிலோமீட்டர் போக வேண்டும்.

“என்னப்பா, வண்டி நின்னு போச்சா?” என்று பாட்டி கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. கீழே குதித்தேன். வண்டியின் மூக்கைத் திறந்தேன். உள்ளே ரேடியேட்டரின் மூடி தெரிந்தது. “மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் சூடு தணிந்துவிடும்!” என்று நினைத்தேன். கையை நீட்டினேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் கையை வெடுக்கென்று பிடித்து இழுத்தது.

“தொடாதீங்க தம்பி! உயிரோட விளையாடுறீங்களா?”

பிடித்தவர் டிரைவர். அன்று அவர் பிடிக்காமல் இருந்திருந்தால், இந்தக் கட்டுரையை நான் இடது கையால்தான் எழுத வேண்டி வந்திருக்கும்!

கஜா அடித்த மறுநாள்

இது நடந்தது 2018-ம் ஆண்டு நவம்பர் மாதம். 16-ந் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் தரையோடு தரையாகப் படுத்துவிட்டன. மின்சாரக் கம்பங்கள் முறிந்தன. டெலிபோன் கோபுரங்கள் வேலை செய்யவில்லை.

மறுநாள், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்கு அரிசி, மெழுகுவர்த்தி, குடிதண்ணீர் கேன்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் புறப்பட்டது. செய்தி சேகரிக்க நானும் அதில் ஏறிக்கொண்டேன்.

அது பழைய ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. மற்ற வண்டிகள் தார் ரோட்டோடு நின்றுவிட்டன. இந்த ஜீப் மட்டும்தான் ஊருக்குள் போக முடிந்தது.

தார் ரோட்டிலிருந்து கிராமத்துக்கு 6 கிலோமீட்டர். அத்தனையும் களிமண். டெல்டாக் களிமண் எப்படி இருக்கும் என்று தஞ்சை ஜில்லாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை வைத்தால் செருப்பை வாங்கிக்கொண்டுதான் விடும்! சில இடங்களில் சேற்றுத் தண்ணீர் ஜீப்பின் முகம் வரை வந்தது. போக ஒரு மணி நேரம். திரும்பி வர ஒரு மணி நேரம். வண்டி உறுமியது, வழுக்கியது, தத்தளித்தது. ஆனால் நிற்கவில்லை.

திரும்பும்போதுதான் அந்தப் பாட்டியை ஏற்றிக்கொண்டோம்.

தார் ரோட்டில் ஏறியதும் டிரைவர் வண்டியை நிறுத்தினார். “தம்பி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, வாய்க்கால்ல நாலு வாளி தண்ணி மோந்து ரேடியேட்டரைக் கழுவிட்டுப் போயிடலாம்” என்றார்.

நான்தான் கேட்கவில்லை. “இருட்டப் போகிறது அண்ணே. பாட்டி வலியால் துடிக்கிறார். சேற்றைத்தான் தாண்டிவிட்டோமே! இனி நல்ல ரோடுதானே?” என்றேன்.

டிரைவர் என்னைப் பார்த்தார். பாட்டியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தார்.

பத்தே நிமிஷம். நல்ல ரோட்டில், நல்ல வேகத்தில் போகும்போது என்ஜின் கொதித்துவிட்டது!

சேற்றில் கொதிக்காத வண்டி, தார் ரோட்டில் கொதிப்பானேன்? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

என்ஜினுக்குள் எரியும் அடுப்பு

என்ஜின் என்பது ஓர் அடுப்பு. உள்ளே பெட்ரோலோ டீசலோ எரிகிறது. அந்த நெருப்பின் சூடு 2,000 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். அலுமினியம் உருகுவதற்கு 660 டிகிரி போதும். அப்படியானால் அலுமினியத்தால் செய்த பாகங்கள் உருகி ஓடாமல் இருப்பது எப்படி?

தண்ணீர்தான் காப்பாற்றுகிறது.

நாம் 100 ரூபாய்க்கு டீசல் போட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்ற உதவுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சூடாக வெளியே போகிறது. மீதிச் சூட்டில் பெரும் பகுதியை என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது.

சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே நிறைய மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. குழாய்களுக்கு நடுவே காகிதம் போல மெல்லிய தகடுகள். தகடுகளின் இடுக்கு வழியாகக் காற்று நுழைந்து போகிறது. போகும் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. ஆறிய தண்ணீர் மறுபடியும் என்ஜினுக்குப் போகிறது.

வீட்டில் காப்பியை எப்படி ஆற்றுகிறோம்? டபராவில் ஊற்றிப் பரப்புகிறோம். காற்றுப் பட்டதும் ஆறுகிறது. ரேடியேட்டர் செய்வதும் அதே வேலைதான். தண்ணீரைப் பல குழாய்களில் பரப்பி, காற்றைக் காட்டுகிறது.

அந்த டபராவை மேலே தட்டுப் போட்டு மூடிவிட்டால்? காப்பி ஆறுமா? ஆறாது!

சேறு செய்வது அதைத்தான்.

சேறு போடும் பூட்டு

தகடுகளின் இடுக்கு மிகக் குறுகலானது. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆழமான சேற்றில் வண்டி இறங்கும்போது, சேற்றுத் தண்ணீர் முன்வாசல் வழியாகவே உள்ளே வந்துவிடுகிறது. சக்கரம் வாரி இறைப்பது ஒரு பக்கம். காற்றை இழுக்கும் விசிறி, சேற்றையும் சேர்த்து இழுப்பது இன்னொரு பக்கம். இடுக்கெல்லாம் களிமண் அப்பிக்கொள்கிறது.

இதோடு, சேற்றில் என்ஜினுக்கு வேலையும் அதிகம். டிரைவர்கள் ‘லோ கியர்’ என்று சொல்வார்களே, அதைப் போட்டால் இழுக்கும் பலம் கூடும். ஆனால் அதே தூரத்தைக் கடக்க என்ஜின் அதிகம் சுற்ற வேண்டும். பழைய வில்லீஸ் ஜீப்பில் லோ கியர் போட்டால் என்ஜின் சுமார் இரண்டரை மடங்கு சுற்றும். வண்டியோ நடை வேகத்தில் ஊர்ந்து போகும். எதிர்காற்று கிடைக்காது. விசிறிக் காற்று மட்டும்தான் கதி.

“அப்படியானால் சேற்றிலேயே கொதித்திருக்க வேண்டுமே?” என்று கேட்பீர்கள்.

சில வண்டிகள் சேற்றிலேயே கொதித்துவிடும். ஆனால் சேறு ஈரமாக இருக்கும் வரை அதுவே கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஈரத்துணி சுற்றிய பானையில் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது அல்லவா, அது போல.

ஈரம் எத்தனை நேரம் நிற்கும்? ரேடியேட்டரின் சூட்டில் களிமண் காய்கிறது. காய்ந்து இறுகுகிறது. இப்போது காற்றும் போகாது, ஈரமும் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் நாம் தார் ரோட்டில் ஏறி, “அப்பாடா!” என்று வேகத்தைக் கூட்டுகிறோம். வேகம் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் வெளியேற வழி வேண்டும். வழியைத்தான் களிமண் பூட்டிவிட்டதே!

சேற்றின் தண்டனை சேற்றில் கிடைப்பதில்லை. சேற்றைத் தாண்டிய பிறகு கிடைக்கிறது.

49 நாளில் பிறந்த வண்டி

ஜீப்பே சேற்றுக்காகப் பிறந்த வண்டிதான். 1940-ம் ஆண்டு ஜூலை மாதம், ‘எந்த வழியிலும் போகும் சிறிய வண்டி வேண்டும்’ என்று அமெரிக்க ராணுவம் கேட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த கெடு 49 நாள்! பாண்டம் என்ற சிறிய கம்பெனி செப்டம்பரில் மாதிரியைக் கொண்டுவந்து நிறுத்தியது. பிறகு வில்லீஸ், போர்டு கம்பெனிகள் பெரும் அளவில் தயாரித்தன. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் வெளிவந்தன. போருக்குப் பிறகு ஜீப் இந்தியாவுக்கு வந்தது. பம்பாயில் மகிந்திரா கம்பெனி அதைப் பூட்டி விற்கத் தொடங்கியது.

அதே போரில் ஜெர்மானியர்கள் ஓட்டிய சிறிய வண்டிக்குக் ‘கூபல்வாகன்’ என்று பெயர். அதில் ரேடியேட்டரே கிடையாது! என்ஜினைக் காற்றாலேயே குளிர வைத்தார்கள்.

தண்ணீர் ஊற்றும் வண்டிகளைப் பாலைவனத்தில் ஓட்டியவர்கள் வேறொரு தந்திரம் செய்தார்கள். பாக்னால்டு என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி எகிப்து, லிபியா மணல்காட்டில் மோட்டாரில் சுற்றியவர். அவர் தம் வண்டியின் பக்கத்தில் ஒரு தகர டப்பாவை மாட்டினார். ரேடியேட்டர் கொதித்தால், ஆவி குழாய் வழியாக அந்த டப்பாவுக்குள் போய் மறுபடி தண்ணீராக மாறும். என்ஜின் ஆறியதும் அந்தத் தண்ணீர் ரேடியேட்டருக்கே திரும்பிவிடும். ஒரு சொட்டும் வீணாகாது. இன்று கார்களில் ரேடியேட்டர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதே, அது ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது.

சேற்றில் மட்டுமே ஓடும் பந்தய வண்டிகளில் சிலர் ரேடியேட்டரை முன்பக்கத்திலிருந்து கழற்றி, பின்னால் உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். சேறு எட்டாது அல்லவா!

நம் ஊர் ஜீப்புக்கு அந்த வசதி இல்லை. நமக்கு இருப்பது ஒரு வாளித் தண்ணீர்.

டிரைவரின் கையில் ஒரு தழும்பு

ரோட்டோரத்தில் நின்ற எங்கள் கதைக்கு வருவோம்.

டிரைவர் தம் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி, வெளுத்துக் கிடந்தது.

“இருபது வருஷத்துக்கு முந்தி, உங்களை மாதிரிதான் தம்பி நானும் அவசரப்பட்டேன்” என்றார்.

ஏன் திறக்கக் கூடாது? தாய்மார்களுக்கு இது நன்றாகத் தெரியும். அடுப்பில் இருக்கும் பிரஷர் குக்கரை ஆவி அடங்குவதற்கு முன் திறப்பீர்களா?

ரேடியேட்டர் மூடியும் குக்கர் மூடி போலத்தான். சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அழுத்தி மூடி வைத்தால் 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் நிற்கும். இன்றைய கார்களின் மூடிகள் அதற்காகவே இறுக்கமாகச் செய்யப்படுகின்றன. அந்த நிலையில் மூடியைத் திறந்தால், அழுத்தம் சட்டென்று விடுபடும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரே நொடியில் பொங்கிச் சீறும். முகம், கண், கை... எதிரே எது இருந்தாலும் வெந்துவிடும்.

பின்னாலிருந்து பாட்டியின் குரல் கேட்டது.

“ஏம்பா! பொழுது போனாப் போவுது. புள்ளைங்க கையைச் சுட்டுக்காதீங்க. நான் பொறுத்துக்கிறேன்.”

காலில் அடிபட்டுக் கிடந்தவர் சொன்ன வார்த்தை அது. எனக்கு வெட்கமாக இருந்தது.

நாற்பது நிமிஷம்

நாற்பது நிமிஷம் காத்திருந்தோம். சூடு தணிந்தது. டிரைவர் விரலால் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். தடித்த சாக்குத் துணியை மடித்து மூடி மேல் போட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியை மெல்லக் கொஞ்சமே திருகினார். மிச்சமிருந்த ஆவி ‘உஸ்’ என்று போனது. அதன் பிறகுதான் முழுவதும் திறந்தார்.

வாய்க்காலில் வாளியில் தண்ணீர் மொண்டு வந்தோம். விழுந்து கிடந்த தென்னை மட்டையிலிருந்து நான் ஓர் ஈர்க்குச்சியைப் பிய்த்து, இடுக்கில் இருந்த மண்ணைக் குத்த ஆரம்பித்தேன்.

“குத்தாதீங்க தம்பி! தகடு மடங்கிப் போயிடும். குழாயில ஓட்டை விழுந்தா இங்கேயே குடியிருக்க வேண்டியதுதான்.”

அன்று எனக்குக் கிடைத்த இரண்டாவது பாடம் அது!

டிரைவர் குவளையால் தண்ணீரை மொண்டு, என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊற்றினார். சேறு எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே வெளியேற வேண்டும். முன்பக்கத்திலிருந்து ஊற்றினால், மண் இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். குவளை குவளையாக ஊற்றினோம். பழுப்பு நிறத்தில் குழம்பு போல ஓடி வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்த பாட்டி, “அடுப்புக்குப் பூசுன மண்ணு மாதிரியில்ல வெந்து கிடக்கு!” என்றார்.

ரேடியேட்டருக்குள் ஊற்ற வாய்க்கால் தண்ணீர் ஆகாது. வழியில் குடிக்க வைத்திருந்த கடைசிக் கேனைத் திறந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். முதல் குவளையைப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டுத்தான்.

வண்டி கிளம்பியது. மீட்டரின் முள் பாதியில் அடங்கி நின்றது. இருட்டிய பிறகு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். பாட்டியின் காலுக்குக் கட்டுப் போட்டார்கள்.

தார் ரோட்டில் ஏறியதுமே ஆறவிட்டுக் கழுவியிருந்தால் அரை மணி நேரத்தில் காரியம் முடிந்திருக்கும். நான் மிச்சம் பிடிக்கப் பார்த்தது அந்த அரை மணி. இழந்தது ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரம் முழுவதும் வலியைத் தாங்கியது நானல்ல, பாட்டி.

நீங்கள் செய்ய வேண்டியது

ஜீப் இல்லாவிட்டால் என்ன? கார், வேன், டிராக்டர் எதுவானாலும் ரேடியேட்டர் ஒன்றுதான். மழைக்காலத்தில் இவற்றை நினைவில் வையுங்கள்.

சேற்றைத் தாண்டியதும் நிறுத்துங்கள். ரேடியேட்டரை எட்டிப் பாருங்கள். மண் அடைத்திருந்தால், என்ஜின் ஆறிய பிறகு உள்ளிருந்து வெளியே கழுவுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் எந்திரத்தைப் பக்கத்தில் வைத்து அடிக்காதீர்கள். தகடுகள் நசுங்கிவிடும். ஏ.சி. உள்ள கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு சல்லடை இருக்கும். இரண்டுக்கும் நடுவே சிக்கிய மண் வெளியே தெரியாது. மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

விசிறியின் பெல்ட் நனைந்து வழுக்குகிறதா, விசிறி சுற்றுகிறதா என்றும் பாருங்கள். பழைய ஜீப்புகளில் நாலு சக்கர ஓட்டத்துக்குத் தனிக் கியர் உண்டு. தார் ரோட்டில் ஏறியதும் அதை மறக்காமல் விடுவியுங்கள். விடுவிக்காமல் ஓட்டினால் என்ஜினுக்கும் கேடு, கியருக்கும் கேடு.

மீட்டரின் முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை அணையுங்கள். காரில் ஹீட்டர் இருந்தால் அதை முழுவதும் திறந்துவிடுங்கள். நமக்கு வியர்க்கும், ஆனால் என்ஜினின் சூட்டில் கொஞ்சம் குறையும். முள் இறங்காவிட்டாலும், ஆவி கிளம்பினாலும் உடனே ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். “இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டாதீர்கள். சூட்டில் என்ஜினின் தலைப்பாகம் கோணிக்கொள்ளும். நடுவில் இருக்கும் ‘கேஸ்கட்’ வெந்து போகும். தண்ணீரும் ஆயிலும் கலந்தால், ஆயில் பால் விட்ட டீ நிறத்துக்கு மாறும். அதைக் கண்டால் வண்டியை ஓட்டவே கூடாது.

ஏறிய முள் திடீரென்று இறங்கினாலும் நம்பிவிடாதீர்கள்! தண்ணீர் முழுவதும் வற்றிப் போனால், சூட்டை அளக்கும் கருவி தண்ணீரில் நனையாமல் வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் பொய் சொல்லும்.

கொதிக்கும் என்ஜின் மீது பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடுகிறதல்லவா? இரும்பும் அப்படியே விரிசல் விடலாம்.

ரேடியேட்டருக்கு ஊற்றும் வண்ண மருந்தான ‘கூலண்ட்’ பெரும்பாலும் விஷம். ஆனால் இனிக்கும்! குழந்தைகளுக்கும் நாய், பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

யாராவது வெந்நீரிலோ ஆவியிலோ சுட்டுக்கொண்டால், இங்க், பற்பசை, மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பிறகு டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

ஒரு வாளித் தண்ணீர்

அந்த டிரைவரை விட்டுப் பிரியும்போது, “மன்னிச்சுக்கங்க அண்ணே. நான்தான் அவசரப்படுத்தினேன்” என்றேன்.

அவர் சிரித்தார். “நீங்க சொன்னதுக்கு நான் தலையாட்டினது என் தப்பு தம்பி. வண்டியோட சூடு டிரைவருக்குத்தானே தெரியும்?” என்றார்.

பிறகு ஆஸ்பத்திரிக் குழாயடிக்குப் போனார். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வந்து ஜீப்பின் பக்கத்தில் வைத்தார். என்ஜின் ஆறட்டும் என்று படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தார்.

விடிந்ததும் அவர் மறுபடியும் அதே சேற்றுக்குள் போக வேண்டியிருந்தது.